கறுப்புச் சட்டையின் பொத்தான்கள்

டோட்சே ஐயா வீட்டுக்கு எதிரே நான் வள்ளிக்கிழங்கு வறுத்து விற்கிறேன். எண்ணெயைவிட அந்த வாசலைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவர் மனைவி அப்லா இறந்த பிறகு அதை யாரும் மிதிக்கவில்லை.

அவருக்கு நடுக்குவாதம். நினைவும் தப்பிவிட்டதா என்று பார்க்க நர்ஸ் செலோம் வந்தாள். தப்பியிருந்தால் மகன் வீட்டைப் பூட்டி அவரை அக்ராவுக்குக் கொண்டுபோய்விடுவான். யாரும் கூப்பிடாமலே நானும் உள்ளே போனேன்.

மாத்திரை, அடுப்பு, சில்லறை என்று செலோம் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னார்.

"சட்டைப் பொத்தான் யாரு போட்டுவிடுறா, ஐயா?"

"அப்லாதான். வேற யாரு?"

அவர் போட்டிருந்த கறுப்புச் சட்டை, அவளுக்காக ஒரு வருஷம் உடுத்தும் துக்கச் சட்டை.

"அக்காதான் செத்துப்போச்சே!" என்றேன்.

"தெரியும். அடக்கத்தன்னிக்கு நீதான ரெண்டு தட்டு சாப்பிட்டே?"

செலோம் பொத்தான்களைக் கழற்றி அவரையே போடச் சொன்னாள். நடுங்கிய விரல்களுக்கு ஒன்றுகூட வசப்படவில்லை.

"பாவம், தனியா கிடக்காரு. மகன் கூட்டிட்டுப் போகட்டும்," என்றாள் வாசலில்.

இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவர் கைகள் தொடைமேல் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டை மார்புவரை பூட்டியிருந்தது. கழுத்துப் பொத்தானுக்காகக் குழந்தைபோல் முகவாயைத் தூக்கிக் காத்திருந்தார்.