தோர்ஸ்தியின் கருப்பு ரொட்டி

"ஏழு ரொட்டி எடுத்து வைங்க தோர்ஸ்தி. இன்னிக்கு மைனஸ் இருபத்தாறு டிகிரியாம்! சாயங்காலமும் ஒரு தடவை அடுப்பை மூட்டிடுங்க, மறந்துடாதீங்க."

கம்பளிச் செருப்போடு மாடியிலிருந்து இறங்கி வந்த ரைலியம்மாவைப் பார்த்ததும் தோர்ஸ்திக்குப் பூரிப்பு. இந்த அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கத் தலைவியே அவருடைய ரொட்டிக்கு அடிமை!

இதற்குமுன் இரண்டு ஊர்களில் பேக்கரி போட்டு ஈ ஓட்டியவர் தோர்ஸ்தி. குவோப்பியோ நகரில் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்த பிறகுதான் யோகம் அடித்தது. தெருவில் போகிறவர்கள் ஒருமுறை வாங்கினால் மறுமுறை வருவதில்லை. அவர்களுக்கு நாக்கு செத்துவிட்டது, வேறென்ன? மாடிக்காரர்களுக்குத்தான் ரசனை. குளிர் ஏற ஏற, வாங்கிக் குவிப்பார்கள்.

அதனால்தான் சொல்லச் சங்கடமாக இருந்தது.

"ரைலியம்மா, மாசக் கடைசியில கடையைக் காலி பண்றேன். சந்தைப் பக்கம் பெரிய இடம் பார்த்திருக்கேன். என் கைமணத்தை ஊரே ருசிக்க வேண்டாமா?"

ரைலியம்மாவின் கையிலிருந்த பை நழுவியது. விடுவிடுவென்று படியேறிப் போனார்.

சற்று நேரத்தில் மாடியே இறங்கி வந்துவிட்டது. குளியலங்கியோடு ஒருவர், தலையில் துண்டோடு ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு பேருந்து ஓட்டுநர் யோர்மா.

"அண்ணே, விஷயம் கேட்டதும் நடுங்கிப் போயிட்டோம்!" என்றார் யோர்மா. "நீங்க ரொட்டி சுட்டாத்தான் எங்க வீட்டுல பிள்ளைங்க நிம்மதியாத் தூங்கும்."

"உங்களை விட்டா எங்களுக்கு வேற யார் இருக்கா?" என்றாள் துண்டுக்காரி. மூக்கை உறிஞ்சினாள்.

பெற்ற தாய்கூடத் தோர்ஸ்தியின் ரொட்டியைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. "போதும் போதும், எழவு வீடு மாதிரி நிக்காதீங்க" என்று ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எங்கேயும் போகல. இங்கதான் இருக்கப்போறேன்!"

கடை அதிர்ந்தது. யோர்மா அவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். யாரோ ஓடிப்போய்க் காப்பி கொண்டுவந்தார்கள். ஆளுக்கு நாலு ரொட்டியாக அலமாரியே காலியானது.

இத்தனை பாசத்துக்குக் கைம்மாறு செய்யாவிட்டால் மனுஷனா? தோர்ஸ்தி நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"கேளுங்க! பெரிய கடைக்குன்னு வச்சிருந்த பணத்துல உங்களுக்காகவே புதுசா ஒண்ணு வாங்கப்போறேன். மின்சார அடுப்பு! மேல கையை வச்சாக்கூடச் சுடாது. ஒரு பொட்டுச் சூடு வெளியில போகாது. இந்தக் கிழட்டு விறகடுப்பு இருக்கே, பாதிச் சூட்டைப் புகைக்கூண்டு வழியா வீணாத் துப்புது. நாளைக்கே உடைச்சுத் தள்ளிடறேன்!"

கைதட்டலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

யோர்மா தன் நாலு ரொட்டியையும் மேஜைமேல் திரும்ப வைத்தார். 'டங்' என்று சத்தம் வந்தது. மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள். காப்பி கொண்டுவந்தவர் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஏன்? என்ன ஆச்சு?" என்றார் தோர்ஸ்தி, நாற்காலி மேலிருந்தே.

ரைலியம்மா பெருமூச்சு விட்டார்.

"வீணாவாய்யா துப்புது? நீங்க வர்றதுக்கு முன்னாடியே அந்தப் புகைக்கூண்டுல தண்ணிக் குழாயைச் சுத்தி வச்சு, அந்தச் சூட்டுலதான் மாடி முழுக்கக் கதகதப்பா இருக்கோம். இல்லேன்னா பல்லை உடைக்கிற இந்தக் கருங்கல்லை எவன் காசு குடுத்து வாங்குவான்?"