இரண்டாவது கஸ்டமர்

"ஒரே ஒரு பில் சார். உங்க ஆபீசுக்கு நான் ஏதோ மொழிபெயர்த்துக் கொடுத்தேன்னு. காசுகூட வேணாம்."

வினிதா கேட்டதும் ஆடிட்டர் கார்த்திகேசன் பேனாவை மூடி வைத்தார்.

"பொய் பில்லுக்கு வேற ஆளைப் பாரும்மா."

"வேலையே போகப் போவுது சார்."

கிளிஞ்சல்மேட்டு வினிதா பிளஸ் டூவோடு படிப்பை விட்டவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒழுங்காக வந்தது பிரெஞ்சு ஒன்றுதான். அதை வைத்து பிரான்சின் லியோன் நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறாள். அப்பா தர்மலிங்கத்தின் பைபர் படகு இன்ஜின் போய்க் கரையில் கிடக்கிறது. வீட்டில் இப்போது உலை வைப்பதே இவள் லேப்டாப்தான்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. நீங்கள் சுயதொழில் செய்பவர்தானா என்று பார்க்க நாலைந்து கேள்விகள். நல்ல பிள்ளையாக நிரப்பினாள்.

கொடுக்கும் வேலையை மறுப்பீர்களா?

"மறுக்கவே மாட்டேன்."

வேறு யாருக்காவது வேலை செய்கிறீர்களா?

"சத்தியமாக இல்லை. உங்களுக்கு மட்டும்தான்."

விசுவாசத்தைப் பார்த்து இரண்டு காசு கூட்டித் தருவார்கள் என்று நினைத்தாள். வந்த பதில் வேறு.

"அப்படியென்றால் எங்கள் சட்டப்படி நீங்கள் எங்கள் ஊழியர் ஆகிவிடுவீர்கள். வரி, காப்பீடு எல்லாம் எங்கள் பொறுப்பாகிவிடும். வேறு ஒருவருக்கும் வேலை செய்ததாக வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பில் காட்டுங்கள். இல்லையென்றால் இந்த மாதத்தோடு முடித்துக்கொள்வோம்."

"போன வருசம் நீங்கதானே சார் எனக்கு வருமான வரிக் கணக்கு போட்டீங்க? சுயதொழில்னுதானே போட்டீங்க?" என்று ஆடிட்டரை மடக்கினாள்.

"இங்க நீ சுயதொழில்தான். அங்க அவங்க சட்டம் வேற. வேலையை மறுக்கலாம்னு உன் ஒப்பந்தத்திலயே இருக்கு, அந்தப் பதிலை மாத்திடலாம். ரெண்டாவது கஸ்டமருக்கு நான் எங்கம்மா போவேன்? போய்த் தேடு."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? கடையிலயா விக்கிறாங்க?"

பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த தமீம் அன்சாரி உச்சுக் கொட்டினார். அறுபது வயதுக்காரர். காதில் விழுந்ததை விடுவாரா?

"இந்த வயசுலயே பொய் பில்லு கேக்குது பாருங்க."

வினிதா அவரை முறைத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னாலேயே குரல் வந்தது.

"ஏ புள்ள, நில்லு. உனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"பிரான்ஸ்லேர்ந்து ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் வந்து கெடக்கு. ஒண்ணும் வெளங்கல. தமிழ்ல எழுதித் தருவியா? எவ்வளவு?"

உள்ளுக்குள் துள்ளியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆயிரம்."

"ரெண்டு பக்கத்துக்கு ஆயிரமா? முந்நூறு."

"மீன் வாங்கவா வந்தீங்க பாய்?"

"மீனுன்னா செவுளைத் தூக்கிப் பாத்து வாங்குவேன். உன் பிரெஞ்சுக்கு ஏது செவுளு?"

நானூற்றைம்பதில் முடிந்தது.

"நாளைக்கே வேணும். பில்லும் வேணும். பில்லு இல்லாம பத்து காசு தரமாட்டேன்."

"நீங்க கேக்கலன்னாலும் தருவேன்."

கடிதத்தில் ஒரு மண்ணும் இல்லை. முகவரி மாறினால் சொல்லுங்கள் என்பதைத்தான் இரண்டு பக்கத்துக்கு இழுத்திருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டாள்.

உடனே வாட்ஸ்அப்பில் அவர் குரல்.

"ஒரு எடத்துல 'தெரிவிக்கவும்'ங்கிறே, இன்னொரு எடத்துல 'அறிவிக்கவும்'ங்கிறே. ஒரே மாதிரி போடு."

போட்டாள். மறுபடியும் குரல்.

"மூணாவது பாரால ஒரு வரி ரொம்ப நீளம். மூச்சு வாங்குது. வெட்டு."

வினிதா அம்மாவிடம் வெடித்தாள். "நானூத்தம்பது ரூபாய்க்கு உசிரை வாங்குறாரும்மா."

அம்மா அஞ்சுகம் குழம்பை இறக்கியபடி சொன்னாள், "கஞ்சப் பயலா இருப்பான் போல. விட்டுத் தள்ளு."

"எங்க விடுறது? அந்தக் கஞ்சன்தான் என் ரெண்டாவது கஸ்டமரு."

வரியை வெட்டினாள். பில்லும் அனுப்பினாள். வியாழக்கிழமை பணம் வந்தது. நானூற்றைம்பது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

படிவத்தை மறுபடி நிரப்பினாள். 'வேறு யாருக்காவது வேலை செய்கிறீர்களா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதி, பில்லை இணைத்தாள். பொய் இல்லை. நிஜமான வேலை, நிஜமான பில், நிஜமான இம்சை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லியோனிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு.

சனிக்கிழமை, மொழிபெயர்ப்பைக் காகிதத்தில் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தமீம் அன்சாரி வீட்டுக்குக் கொண்டு போனாள். அதையும் அவர்தான் கேட்டிருந்தார். இதற்குத் தனியாகக் காசு தரமாட்டாராம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவர் போனில் பேசுவது கேட்டது. சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அத்தனையும் பிரெஞ்சு. வேகத்தில் பாதிதான் வினிதாவுக்குப் பிடிபட்டது.

அவர் மனைவி சுஹைனா எட்டிப் பார்த்தார்.

"யாரு புள்ள? உள்ள வா."

"பாய்க்கு... பிரெஞ்சு தெரியுமா?"

"நல்லா கேட்டே போ! பாரிஸ் கோர்ட்டுல இருபது வருசம் மொழிபெயர்ப்பாளரா இருந்தவங்கல்ல!"