பதினோரு புள்ளிகள்

ஏரியில் மிஞ்சியவை பதினோரு நாட்டுத் தேளி மீன்கள். மழை ஈரத்தில் தரையிலேயே நெளிந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும் மீன்கள் அவை. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு சிப். வரதன் வீட்டுத் திரையில் ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிகளைக் காப்பதுதான் அவனுக்கும் மனைவி கன்னியம்மாளுக்கும் அரசாங்க வேலை.

ஒரு வாரமாகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மதகடியில் சேர்ந்தன. புதுமழை பிடித்த காலையில் பதினொன்றும் ஒன்றாக நகர்ந்தன.

"முட்டை போடத்தான் கூடியிருக்குதுங்க! போய்ப் பாரு கன்னி" என்றான் வரதன்.

மதகடியில் ஒரே மீன்தான் கிடந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதே மீசை, அதே வழவழப்பு, தேளிக்குப் பங்காளி. அவள் இடுப்புயரம் இருந்தது. வலைவீசி இழுத்து, கரையில் போட்டு வயிற்றைக் கிழித்தாள். பதினோரு சிப்புகளையும் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டு மழையோடு வீட்டுக்கு நடந்தாள்.

வழியில் போன் அடித்தது. வரதன் அழுதுகொண்டே சிரித்தான்.

"கன்னி, எல்லாம் கரையேறிடுச்சு! நம்ம தெருவுக்குத்தான் வருதுங்க. நீயும் அந்த வழியிலதானே வர்றே? மிதிச்சிடப் போறே, பார்த்து நட."