காந்தம் வைத்த கவர்

மாசாய் ஊரில் இருக்கும் என் போன் கடைக்கு வந்த பெர்னார்ட், காந்தம் வைத்த கவரைக் கையில் எடுத்தார்.

"வேணாங்க, காந்தம் கெடுத்துடும்," என்றார் அவர் மனைவி வினிஃப்ரெட்.

"பாத்தியா தம்பி? வாட்ஸ்அப் படிச்சிட்டு டாக்டர் மாதிரி பேசுறா!"

இப்படி உளறுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது.

"ஆண்ட்டி, அதெல்லாம் பழைய கதை லா. காந்தத்தால போனுக்கு ஒன்னும் ஆகாது."

பெர்னார்ட் இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே கவரை மாட்டி, போனைச் சட்டைப்பையில் போட்டார்.

வினிஃப்ரெட் பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

"போனுக்கு ஒன்னும் ஆகாது. போன மாசம் உங்க நெஞ்சுல வச்ச பேஸ்மேக்கரைக் கெடுத்துடும். டாக்டர் அதைச் சொன்னப்ப, நீங்க போனை நோண்டிக்கிட்டு இருந்தீங்க!"