பம்புசெட்டு கேட்ட கேள்வி

ஒரு பொட்டல் காட்டில், காற்றாலையின் காலடியில் ஒரு பம்புசெட்டு மோட்டார் இருந்தது. எதிரே புதிதாகக் கட்டிய குளுகுளு மாளிகையில் ஒரு பெரிய கணினி குடியேறியது. சுத்தமான மின்சாரத்தில் ஓடி வட்டாரத்தையே வளர்க்கப்போவதாக வாசலில் பலகை வைத்திருந்தது.

அன்று முதல் மோட்டாருக்கு மூச்சிரைப்பு. பக்கத்து வாழைத்தோட்டத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் தள்ளாடித் தள்ளாடிப் போனது.

“அண்ணே, என் தலைக்கு மேலேதானே சுத்துறீங்க? எனக்கு ஏன் கரண்டு வரமாட்டேங்குது?” என்று காற்றாலையைக் கேட்டது.

“எனக்குச் சுத்த மட்டுந்தான் தெரியும் தம்பி. யோசிக்கிற வேலையெல்லாம் அங்கே.” காற்றாலையின் மூன்று கைகளும் முறைவைத்து மாளிகையைக் காட்டின.

மறியல் செய்யலாமென்றால் ஆள் சேரவில்லை. அதனால் மோட்டார் அதே கேள்வியைக் கேட்டுக் கணினியிடம் மனுப் போட்டது.

“அருமையான கேள்வி!” என்றது கணினி. “இரு, ஆழ்ந்து யோசிக்கிறேன்.”

அது யோசிக்க யோசிக்க மோட்டார் தளர்ந்தது. கடைசிச் சொட்டு, வாழைக்கு மூன்று முழம் முன்னால் மண்ணில் விழுந்தது. மோட்டார் நின்றுவிட்டது.

“கண்டுபிடித்துவிட்டேன்! உனக்குக் கரண்டு போதவில்லை. இன்னும் விளக்கமாகச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் சாமி” என்று சொல்ல மோட்டாரிடம் மூச்சில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கணினி மறுபடியும் யோசிக்கத் தொடங்கியது.