முப்பது எண்ணும் நேரம்

"இப்போது அவரவர் தேவைகளுக்காகச் சற்று நேரம் மௌனமாக மன்றாடுவோம்" என்று வாசித்துவிட்டு, மைக்கிலிருந்து முகத்தை விலக்கி, மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று.

முப்பது வரை எண்ண வேண்டும். இது ரோமாபுரியில் போட்ட சட்டம் இல்லை. எங்கள் கோயிலில் மட்டும் உள்ள ஏற்பாடு.

எங்கள் பங்குக் கோயிலில் இரண்டு கட்சி. நடுவழிக்கு வலப்பக்கம் உட்காருகிறவர்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர்கள். இடப்பக்கம் உப்பளத்துக் கூலிகளான நாங்கள். அவர்களுக்கு ஆடியில் மழை வேண்டும். எங்களுக்கு அதே ஆடியில் மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து, பத்து நாள் வேலை போய்விடும்.

போன வருடம் தேசப்பன் மன்றாட்டு வாசித்தார். இரண்டு ஏக்கர் மல்லாட்டைக்காரர். திருத்தந்தைக்காக வேண்டினார், நோயாளிகளுக்காக வேண்டினார், அதே மூச்சில் நல்ல மழைக்காகவும் வேண்டினார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாதிக் கோயில்தான் பதில் சொன்னது. எங்கள் பக்கம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் முறை. என் வீட்டுக்காரர் தனக்கோடியும் அவர் கூட்டாளிகளும் எழுதிக் கொடுத்தபடி நல்ல வெயிலுக்காக வேண்டினோம். வலப்பக்கம் முழுக்க ஒரே இருமல்.

பூசை முடிந்ததும் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னார். இனி மைக்கில் மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. முப்பது எண்ணும் நேரம் மௌனம். யாருக்கு எது வேண்டுமோ மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கடவுள் பாடு, உங்கள் பாடு.

பதினாறு, பதினேழு.

அதிலும் சண்டை வந்தது. நாங்கள் நாற்பது வீடு, அவர்கள் இருபத்திரண்டு. மௌனம் நீண்டால் எங்கள் பக்கத்துக் கோரிக்கை அதிகமாக மேலே போய்விடும் என்று தேசப்பன் கணக்குச் சொன்னார். அதனால்தான் முப்பதுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று முடிவானது. ஆண்டவர் தலையை எண்ணித்தான் மழை விடுகிறார் போலிருக்கிறது.

இன்று மேற்கே கருத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வாரி எடுத்த உப்பு வரப்பு நெடுகக் குவிந்து கிடக்கிறது, மூடக் கீற்று வந்து சேரவில்லை. கோயிலுக்குள் நுழையும்போதே தனக்கோடி என் காதருகில் வந்தார்.

"ந்தா, இன்னிக்கி முப்பதோட நிறுத்திடாத. மானத்தப் பாத்தல்ல? அம்பது வரிக்கும் இழு."

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

நான் வாயைத் திறக்கவில்லை.

இடப்பக்கம் யாரும் கண்ணைத் திறக்கவில்லை. தனக்கோடி பல்லைக் கடித்து, முகத்தைச் சுருக்கி, வயிற்றுவலிக்காரர் மாதிரி நின்றார். கல்யாணத்தன்றுகூட அவரிடம் இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டில் தேசப்பன் ஒரு கண்ணைத் திறந்தார். நாற்பதில் தொண்டையைச் செருமினார். நாற்பத்துமூன்றில், தான்தான் எதையோ தவறவிட்டோம் என்று பயந்துபோன கீபோர்டு சரத்குமார் ஒரு கட்டையை அழுத்தி, உடனே கையை எடுத்துக்கொண்டான். சாமியார் என் பக்கம் திரும்பி, சகாயசெல்வி என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் தலையை இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டேன். ஜெபத்தில் இருக்கிறவளை எழுப்ப எந்தச் சாமியாருக்கும் மனம் வராது.

ஐம்பதும் ஆனது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பெண்கள் வரிசையின் கடைசியில் என் மகள் ரேகா தூணில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து எட்டு நாள்தான் போயிருக்கிறாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு என் உப்புக்கூடை அவள் தலைக்குப் போய்விட்டது. கோயிலில் மன்றாட்டு வாசிக்க எனக்கு நேரம் கிடைத்ததே அதனால்தான். இங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்களாம். டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். நேற்று நான் அழுது கேட்டதற்கு வீட்டுக்காரர் சொன்ன பதில் ஒரே வரி.

"மழ பேஞ்சி அளம் நின்னா போவட்டும்."

அதனால், ஆண்டவரே, பெய்யட்டும் என்று கேட்டேன். தூறலெல்லாம் வேண்டாம். பாத்தி மூழ்கி, வரப்பு உடைந்து, குவித்து வைத்த உப்பு மொத்தமும் கடலுக்கே திரும்பிப் போகிற மாதிரி ஊற்றும். இடப்பக்கத்தார் கேட்பது எதையும் காதில் வாங்காதேயும். முக்கியமாக, முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் சொல்வதை.

பிறகு நிமிர்ந்து மைக்கருகே போய், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம் என்றேன்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். எல்லாக் குரலுக்கும் மேலே தனக்கோடியின் குரல் கேட்டது.