ஒரே நோட்டு

எனக்கும் மரிய செல்வத்துக்கும் விமானம் பார்ப்பதுதான் பைத்தியம். போன ஜனவரியில் வெளிநாட்டுக்கே போய், விமானப்படைத் தளங்களின் வேலியோரம் நின்று பார்த்தோம். விமானத்தின் நம்பர், வந்த நேரம், ஜோடியாக வந்ததா தனியாக வந்ததா, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் இருவரும் எழுதினோம். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

நான்காம் நாள் காவலர்கள் பிடித்தார்கள். நோட்டு யாருடையது என்று கேட்டார்கள். நான் செல்வத்தைக் காட்டினேன். அவனையும் நோட்டையும் வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

இன்றுதான் ஏலாக்குறிச்சியில் அவன் வீட்டுக்குப் போனேன். பின்சீட்டில் அவன் இல்லாமல் அங்கே போனது இதுதான் முதல்முறை. வாசலில் பைக்கை நிறுத்தும்போது மாதா கோயில் மணி பதினொன்று அடித்தது. அவன் அம்மா டெய்சி டீச்சர் அந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"காலையில கோயிலுக்கு வந்த பஸ்ஸுல யாரோ குடுத்துட்டுப் போனாங்க. இது அவனோடதுதானான்னு நீதான் தம்பி சொல்லணும்."

கையெழுத்து அவனுடையதுதான். கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது. பக்கத்தில் என் பைக் நம்பர். நேரம், பதினொன்று.

தனியாக வந்தது.